கையெழுத்துக்கு மேலே

பிப்ரவரி 1, ஞாயிறு

தாடிக்கொம்பு ரோடு அலுவலகத்தில் கட்சியின் வட்டக் குழுக் கூட்டம். பதினெட்டுப் பேர். இருபத்தாறு வருட வழக்கப்படி, தீர்மானப் புத்தகத்தில் பாதிப் பக்கத்தை வெற்றாக விட்டு, அதன் கீழே முதலிலேயே எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டேன். டீ குடித்ததும் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அதனால் இந்த ஏற்பாடு. தீர்மானத்தை நான் வீட்டில் நிதானமாக எழுதுவேன்.

உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கீடு. செயலாளர் மணிமாறன் தன் மனைவி புவனேஸ்வரியின் பெயரைச் சொன்னார். பன்னிரண்டு வருடமாகக் கட்சி வேலை பார்க்கும் அன்புக்கரசி எழுந்தாள்.

"மதினி நல்லவுகதான். ஆனா இந்த ஆபீசுக்கு அவுகளுக்கு வழி தெரியுமாண்ணே?"

ஒரே சிரிப்பு. நிர்வாகிகளின் வீட்டார் கூடாது, உழைத்த பெண்களே நிற்கவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். ஆதரவு பதினொன்று. எதிர்ப்பு ஆறு. நான்? கையில் பேனா இருந்தது. கையை எந்தப் பக்கமும் தூக்கவில்லை.

பிப்ரவரி 2

மணிமாறன் வீட்டுக்கே வந்தார். "செபஸ்தியான் அண்ணே, புவனேஸ்வரிய ஏகமனதா பரிந்துரைச்சதா எழுதிருங்க. கையெழுத்துத்தான் ரெடியா இருக்குல்ல."

ஓட்டெடுப்பு நடந்ததே என்றேன்.

"வீட்டுச் சண்டைய அம்புட்டையும் மாவட்டத்துக்கா அனுப்புவாக?"

எழுதிவிட்டேன். எழுத்து அழகாகவே வந்தது.

பிப்ரவரி 3

புத்தகத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 5

அன்புக்கரசி புத்தகத்தைக் கேட்டாள். உறுப்பினருக்கு உரிமை உண்டு, கொடுத்தேன். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். தன் கையெழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எனக்கு எதிரா என்னையே கையெழுத்துப் போட வச்சிட்டீகளேய்யா."

பிப்ரவரி 6

ஏன் எழுதினேன்? மணிமாறன் என்ன செய்துவிடுவார்? அடிக்கவா போகிறார்? தீர்மானம் எழுதுகிற நாற்காலி போகும். எழுபத்து மூன்று வயதில் எனக்கென்று போட்டிருக்கும் ஒரே நாற்காலி — அதுக்குத்தானா இம்புட்டும்? ச்சே.

பிப்ரவரி 15, ஞாயிறு

கூட்டம். மாவட்டப் பார்வையாளரும் வந்திருந்தார். சென்ற கூட்டத் தீர்மானத்தை வாசித்து ஒப்புதல் வாங்குவது என் வேலை. 'ஏகமனதாக' என்ற இடத்தில் வாய் நின்றுவிட்டது.

"இது தப்பு. நாந்தான் தப்பா எழுதிட்டேன்." எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்கண்ணே!" என்றார் பின்வரிசை உறுப்பினர் ராமர். மறுபடி சொன்னேன்.

கணக்கெழுதும் வேலையில் இருந்தபோது பழகிய முறைப்படி, அடித்த வரியும் படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, மேலே அன்புக்கரசியின் தீர்மானத்துக்கு ஆதரவு பதினொன்று, எதிர்ப்பு ஆறு என்று எழுதி, ஓரத்தில் தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்தேன். கோடு நேராக வரவில்லை.

"அண்ணனுக்கு வயசாகிப்போச்சு, ரெஸ்ட் குடுப்போம்" என்றார் மணிமாறன்.

பிப்ரவரி 27

மாவட்டம் அறிவித்துவிட்டது. வார்டு புவனேஸ்வரிக்கே.

மார்ச் 8, ஞாயிறு

கூட்டம். என் நாற்காலியில் முகேஷ்குமார். இனி அவர்தான் புத்தகம் எழுதுவார். நான் பின்பெஞ்சில். வழக்கம்போலப் பாதிப் பக்கம் வெற்றாக விட்டுப் புத்தகத்தை நீட்டினார்.

"போடுங்கய்யா, டீ வந்துரும்."

பேனாவை மூடினேன். "மொதல்ல எழுதி முடிங்க தம்பி. பெறகு போடுறேன்."

அவர் மணிமாறனைப் பார்த்துவிட்டு அன்புக்கரசியிடம் நீட்டினார். "எனக்கும் பெறகுதான்" என்றாள். ராமர் கையைக் கட்டிக்கொண்டார்.

டீ வந்தது. குடித்தார்கள். யாரும் கிளம்பவில்லை.