ஒடிசாவில் உனக்கொரு அம்மா

அன்பு மகள் தேவயானிக்கு, மலையிலிருந்து அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இரண்டு மாடுகளும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும்தான் வரும், அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, எனக்குக் கோபம் வந்தால் உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். எட்டாவது படித்தவள் எழுத்து, பொறுத்துப் படி.

இந்த வருஷம் புளி நன்றாகக் காய்த்தது. அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு மரம் ஏறுகிறார், சொன்னால் கேட்பதில்லை. டிவியில் உன் பக்கத்து ஊர்களில் ஊழியக்காரர்களிடம் யாராவது வம்பு செய்ததாக வந்தால் மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுவார், எனக்குத் தெரியக் கூடாதாம். போன வாரம் புளி மூட்டையோடு கண்ணமங்கலம் போயிருந்தோம். மண்டி வாசலில் உங்கள் சபை பாஸ்டரம்மா புவனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க குடுத்து வெச்சவங்கம்மா, தேவயானி எங்க சபை அனுப்பி வெச்ச புள்ள, மே மாசம் லீவுல வர்றா. ஒரு ஞாயிறு எங்களுக்கு, ஒரு ஞாயிறு ஆரணிக்கு, இன்னொண்ணு வேலூருக்கு. அங்க நடக்குற ஊழியத்தப் பத்தி எல்லா சபைக்கும் சொல்லணும் இல்லியா" என்றாள். நீ வருவதே எனக்கு அப்போதுதான் தெரியும். எனக்கு எந்த நாள் என்று கேட்டேன். "நடுவுல ரெண்டு நாள் வூட்டுக்கு வருவாங்கம்மா, நீங்களும் சபைக்கு வாங்க, முன்னாடி சீட்டு போட்டு வெக்கிறேன்" என்று சிரித்தாள். என் மகளைப் பார்க்க எனக்கே சீட்டுப் போட்டு வைக்கிறாள். பஸ் ஜமுனாமரத்தூர் வரும்வரை நான் அப்பாவோடு பேசவில்லை, அவர் என்ன பாவம் செய்தார், ஆனாலும் பேசவில்லை.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது தேவயானி. மறைத்து என்ன ஆகப் போகிறது. வேலூர் ஹாஸ்டலில் ஜெபத்தில் இருந்தபோது உன் ஆண்டவர் கூப்பிட்டார் என்றாய், சத்தமே கேட்காத அந்தக் கூப்பாட்டுக்கு நர்ஸ் வேலையை விட்டு ஓடினாய். நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் தொண்டை வற்றக் கூப்பிடுகிறேன், "பாக்கலாம்மா" என்கிறாய். அவர் மேல் பொறாமைப்பட்டு ஜெயிக்க முடியாது, விட்டுவிட்டேன். ஆனால் நீ தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மா சுமணி இருக்கிறாளே, அவளை என்னால் விட முடியவில்லை. உனக்கு மலேரியா வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள், எனக்குத் தெரிந்ததே காய்ச்சல் நின்ற பிறகு. வாசலில் உட்கார்ந்து அவள் உனக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரும் போட்டோவை அப்பா டீக்கடையில் எல்லோருக்கும் காட்டிவிட்டு வந்தார், நான் அடுப்பில் குழம்பைத் தீய விட்டேன். அவளுக்கு நன்றி சொல்லி எழுது என்கிறார். சொல்லிவிடு, ஆனால் அப்பா சொன்னதாகச் சொல்.

கஞ்சியைக்கூட விட்டுவிடுவேன். நீ போன மாதம் போனில் சொன்னாயே, அந்தச் சுமணி முதலில் உன்னைப் பார்த்தாலே கதவைச் சாத்துவாளாம், நீ மறுநாளும் போவாயாம், களை எடுக்கும் இடத்துக்கும் போய் கூடவே குனிந்து களை பிடுங்குவாயாம், அவள் பாஷையைக் கற்றுக்கொண்டு கடைசியில் உன் இயேசுவைப் பற்றி ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாயாம். அதைச் சொல்லும்போது உன் குரலில் எவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் உன்னை விரட்டியது ஒரே தடவை. "அந்தப் பேச்ச இந்த வூட்ல எடுக்காத" என்றேன், சரி என்று வாயை மூடிக்கொண்டு போய்விட்டாய். அவ்வளவுதானா? சுமணி கதவைச் சாத்தினால் மறுநாளும் போகத் தெரிகிறது, பெற்றவள் ஒரு அதட்டல் போட்டால் அதோடு முடிந்ததா? என்னிடம் பேச நீ புதுப் பாஷைகூடப் படிக்க வேண்டியதில்லையே. எல்லோரிடமும் போ என்றுதானே உன்னை அனுப்பினார்கள், அந்த எல்லோரில் நான் இல்லையா?

அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், கண்ணமங்கலத்துக்கு நான் வர மாட்டேன். மைக்கில் ஊருக்கே பேசும்போது என் காதிலும் விழுந்தால் விழட்டும் என்று கேட்டுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நீ ரயிலை விட்டு இறங்கியதும் முதலில் மலைக்கு வா. நான் சாமை புடைத்துக்கொண்டு இருப்பேன், பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதை எனக்கும் சொல், ஒன்று விடாமல் சொல். நடுவில் திட்டுவேன், எழுந்தும் போவேன், நீ மறுநாளும் சொல். கேட்டுவிட்டு நான் நம் வேடியப்பனுக்கே விளக்கு ஏற்றினாலும் ஏற்றுவேன், அதை இப்போது கேட்காதே. ஆனால் உன் மனசில் இருக்கும் பெரிய விஷயம் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்து, எனக்கு மட்டும் வராமல் போகக் கூடாது.

கொசுவலை கட்டாமல் படுக்காதே, மாத்திரையை மறக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் சாமியும் என் சாமியும் சேர்ந்தே பார்த்துக்கொள்ளட்டும். ரெண்டு நாள் போதாது என்று பாஸ்டரம்மாவிடம் நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்கக் காத்திருக்கும் அம்மா,
செல்லியம்மாள்