பட்டியலில் ஆறு மணி பஸ்

நாம் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்ட என் நோட்டைத் திறந்ததும் உன் தைல வாசனை வந்தது. தலைவலி என்று நெற்றியில் தேய்த்த விரலாலேயே பக்கம் புரட்டுவாய். ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. நீ போய் மூன்று வாரம் ஆகிறது. இத்தனை நாளும் இதைத் திறக்கப் பயந்தேன். இன்று மாலை ஐந்து மணியோடு பல்கலைக்கழக விண்ணப்பம் முடிகிறது. காலையிலிருந்து கைப்பேசியை எடுக்கிறேன், வைக்கிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வருகிறேன்.

பள்ளிப் படிப்பை முடிக்கும் எஸ்.டி.பி.எம். தேர்வின் முடிவு வந்த மறுநாள், கோலா சாவா பஸ் நிறுத்தத்தில் இந்த நோட்டில் எழுதிய என் பட்டியலை உன்னிடம் நீட்டினேன். பன்னிரண்டு படிப்புகள், அதற்கு மேல் விண்ணப்பத்தில் போட முடியாது. பன்னிரண்டும் எனக்கு நிச்சயம் கிடைக்கக்கூடியவை. பெருமையாகத்தான் நீட்டினேன். நீ படித்துவிட்டுச் சிரித்தாய்.

"என்னடி இது, கோயில் சுண்டல் வரிசையா? நின்னா எல்லாருக்கும் கெடைக்கும்."

"கெடைக்கிறதத்தான லா போடணும்?"

"சட்டம் எங்க? ரெண்டு வருசமா சட்டம் சட்டம்னு என் உயிர வாங்குனியே!"

சட்டத்துக்குப் போனவர்களின் சென்ற ஆண்டு சராசரிப் புள்ளி என்னுடையதைவிடக் கொஞ்சம் அதிகம், அதனால் எடுத்துவிட்டேன் என்றேன். நோட்டில் நான் குறித்திருந்த சராசரி என்ற சொல்லுக்குக் கீழே மூன்று கோடு போட்டாய்.

"சராசரின்னா வாசக்கதவு இல்லடி. அதுக்குக் கீழ இருந்தவங்களும் உள்ள போயிருக்காங்க. இல்லாட்டி சராசரி எங்கேருந்து வரும்?"

எந்நேரமும் புத்தகத்தோடு இருப்பவள் என்று எனக்குப் பெயர். இது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு உன் பஸ் கணக்கை ஆரம்பித்தாய். நம் ஆறே முக்கால் பஸ் தினமும் வரும், ஆனால் நின்றுகொண்டே போக வேண்டும். ஆறு மணி பஸ் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வந்தால் சன்னலோரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்பி யாரும் குளிக்கக்கூட மாட்டார்கள். என் பன்னிரண்டுக்கும் பக்கத்தில் 'முக்கால், முக்கால்' என்று எழுதிக்கொண்டே போனாய். மேலே சட்டம் என்று நீயே சேர்த்து, 'ஆறு' என்று போட்டாய். அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் மெதுவாகப் பேசு.' பதறினால் நான் கடகடவெனப் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். நீ ஆசைப்பட்ட புள்ளியியலுக்கும் ஆறுதான். உனக்கென்று முக்கால் என்று கூட்டிப் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வாரமே உனக்கு டிங்கிக் காய்ச்சல். இரண்டு முறை மருத்துவமனைக்கு வந்தேன். இரண்டாவது முறை நீ கண் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் துணிச்சல் இல்லை. பழைய பட்டியலையே அச்சடித்தேன். அம்மா அதை மாரியம்மன் காலடியில் வைத்து, குங்குமம் படிந்த தாளோடு வந்தார். நம் தோட்டக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே. சாமியிடம் வைத்த தாளை யாரும் திருத்துவதில்லை.

இன்று மூன்று மணிக்கு அம்மா வேலை முடிந்து வந்தார். காலணியைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன்.

"அம்மா, பட்டியல மாத்தப் போறேன்."

"சாமிகிட்ட வச்சாச்சு லா. வெளையாடுறியா?"

"அது பயத்துல எழுதுனதும்மா. எனக்கு வேணுங்கிறது ஒண்ணுகூட அதுல இல்ல."

நோட்டைக் காட்டினேன். உன் கையெழுத்து அம்மாவுக்குத் தெரியும். ரொம்ப நேரம் பார்த்தார். விரலை வைத்து, "இந்த ஆறு என்ன?" என்றார். பஸ் கணக்கைச் சொன்னேன். அம்மா பத்து வருடம் அதே பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்.

"வராட்டி?"

"பின்னாலயே முக்கால் பஸ் இருக்கும்மா. பதினொன்னு வச்சிருக்கேன்."

அம்மா குங்குமத் தாளை நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"சரி, நின்னு பாப்போம்," என்றார். "அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பன்னிரண்டாவதை எடுத்துவிட்டு, முதல் இடத்தில் சட்டம் போட்டு அனுப்பிவிட்டேன். மணி நாலேகால். உன் விண்ணப்பம் எங்கோ பாதியில் நிற்கிறது. ஐந்து மணிக்கு அதுவும் மூடிவிடும். அதை நினைத்தால் மறுபடியும் வாசலுக்குப் போகத் தோன்றுகிறது.

நோட்டைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டேன். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்களா தெரியாது. கூப்பிட்டால், மெதுவாகப் பேசுவேன்.