பதினோரு மாதச் சீட்டு

அண்ணனூர்
கார்த்திகை 20

அன்பு மகன் சந்தோஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, ஜோதிகா, பாப்பா நாலு பேரும் சுகம். ஓசூர்க் குளிரில் நீ எப்படி இருக்கிறாய், அந்த ஆறு பேர் ரூமில் போர்வையாவது உனக்கென்று தனியாக இருக்கிறதா என்று எழுது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ குறுக்கே ஒன்பது கேட்பாய், பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்வாள், எனக்கும் அழுகை வந்துவிடும். எட்டாவது படித்தவள் எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

அப்பா நெமிலிச்சேரி குடோனில் வாட்ச்மேன் வேலைக்கு ஒழுங்காகப் போகிறார், முட்டி வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தால் அதைப் பக்கத்து வாட்ச்மேனுக்குத் தடவிவிட்டு வருகிறார். பாப்பா பால்வாடியில் அழுவதில்லை. இட்லிக் கடைக்காரி முதல் தண்ணி கேன் போடுகிறவர் வரை எல்லோரிடமும் “நான் எங்க அப்பா ஊட்டுக்கு போறேனே” என்று சொல்லிவிட்டாள். உன் பெண்டாட்டி ஜோதிகாவைப் பற்றி நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும், அவள் சொல்ல மாட்டாள். துணிக்கடையில் பில் போட்டு வாங்குகிற பதினோராயிரத்தில் மாதம் மூவாயிரம் எடுத்து வைத்தாள் என்றால் சும்மா இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறாமல் சீசன் டிக்கெட் எடுத்து அம்பத்தூருக்கு ரயிலில்தான் போய் வந்தாள். கட்டிக்கொண்டு போன சோறுதான், சாயங்காலம் பஜ்ஜிக் கடையில் வாசனையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். துணிக்கடையில் நின்றுகொண்டே தீபாவளிக்குத் தனக்கு ஒரு துணி எடுக்கவில்லை. நீ அனுப்பிய இரண்டாயிரத்தோடு மாதம் ஐயாயிரம், ஓசூரில் வீட்டு அட்வான்ஸுக்கு என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாள்.

அந்தப் பணத்தை அவள் என் கையில் கொடுத்துத் தபால் ஆபீசில் கட்டச் சொன்னாள். நான்தான், தங்கம் என்றால் ஏறும், ஆவடியில் நகைக்கடைச் சீட்டு இருக்கிறது, பதினோரு மாதம் கட்டினால் போதும் என்று சொல்லித் தை மாதம் அங்கே சேர்த்தேன். முடிவில் பணமாகத் தருவார்களா, கேட்டுக்கொண்டு வா என்று மாசியில் ஜோதிகா சொன்னாள். பங்குனியில் கட்டப் போனபோது கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண், “பணமா தர மாட்டோம்மா, நகையா தான் எடுத்துக்கணும்” என்று தெளிவாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்து ஜோதிகாவிடம், பணமாகவே தருவார்களாம் என்று சொல்லிவிட்டேன். ஆமாம் நைனா, தெரிந்தே பொய் சொன்னேன். அதற்கப்புறம் எட்டு மாதம் அவள் பணத்தை நானே கொண்டுபோய்க் கட்டினேன். பணம் நகையாக மாட்டிக்கொண்டால் அட்வான்ஸ் கொடுக்க முடியாது, இன்னும் ஒரு வருஷம் பாப்பா என் பக்கத்தில் படுப்பாள் என்று கணக்குப் போட்டேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஜோதிகா மேலும் இல்லை. இந்த வீடு காலியாகிவிடும் என்று பயம், அவ்வளவுதான். அதற்காகப் பெண்டாட்டி பிள்ளையை விட்டு நீ அங்கே கிடப்பதை மறந்துவிட்டேன் பார், அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

போன வாரம் வீடு கிடைத்துவிட்டது என்று நீ போன் செய்ததும், “அத்தே, நாளிக்கே போய் பணத்த வாங்கியாந்துடலாம்” என்று ஜோதிகா குதித்தாள். அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வேளைக்குச் சோறு மட்டும் போட்டு என் முன்னால் வைத்தாள்.

நான் வேலைக்குப் போகும் கேண்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கும் எல்லம்மாவிடம் புலம்பினேன். அவள் மகளுக்குத் தையில் கல்யாணம். “ஏன்க்கா இதுக்குப் போயி கண்ணு கலங்குற, நானே செயினு வாங்கத்தான் பணத்த வெச்சிகினு கீறேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை ஜோதிகாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் நகைக்கடைக்குப் போனோம். எல்லம்மா தனக்குப் பிடித்த செயினை நம் சீட்டில் எடுத்துக்கொண்டாள், சீட்டில் எடுத்தால் செய்கூலி கிடையாது, அது அவளுக்கு மிச்சம். ஐம்பத்தையாயிரத்தையும் கடை வாசலிலேயே எண்ணிக் கொடுத்தாள். நான் கை நீட்டவில்லை, ஜோதிகாவை வாங்கிக்கொள்ளச் சொன்னேன். திரும்பும்போது ரயிலில்தான் ஜோதிகா அதைப் பற்றி வாய் திறந்தாள். “அனுப்ப மனசு வரலன்னு நீ என்கிட்ட சொல்லிகினு அழுதிருந்தா நான் கேட்டுக்கினு இருப்பேன் அத்தே. பணத்துல ஏன் கை வெச்ச?” என்றாள். அண்ணனூரில் இறங்கும்போது என் பையையும் அவளே தூக்கிக்கொண்டாள்.

பணம் நாளை உன் கணக்கில் ஏறிவிடும். மார்கழி பிறப்பதற்குள் அட்வான்ஸ் கொடுத்து, கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொள். காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று எவ்வளவு பிடிப்பார்கள், கரண்டு யூனிட் என்ன ரேட் என்று வெட்கப்படாமல் கேள். கட்டில், டிவி என்று தவணையில் இழுத்துப் போட்டுக்கொள்ளாதே, பாய் போதும். இனிமேல் ஜோதிகா சேர்க்கிற பணம் அவள் பேரிலேயே இருக்கட்டும், என்னிடம் மட்டும் இல்லை, உன்னிடமும் கொடுக்க வேண்டாம்.

நீயும் அவளும் பாப்பாவும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு சாப்பிட்டு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அம்மா செய்ததை மன்னித்துவிடு. தை பிறந்ததும் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்ச நானும் அப்பாவும் பூந்தமல்லியில் பஸ் ஏறி வருகிறோம், மறுநாள் காலையிலேயே திரும்பிவிடுவோம். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போம்மா என்று மட்டும் நீ சொல்லாதே. சொன்னால் இருந்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. முனியம்மா