உள்ளேயிருந்து சொன்ன பதில்கள்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நலம் என்று எழுதினால் என் முழங்கால் கோபித்துக்கொள்ளும், இருந்தாலும் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். போனில் பேசினால் ஆகாதா என்று தம்பி கேட்டான், போனில் என்றால் அக்கா நடுவில் புகுந்து பேசுவாள், நான் அழுதுவிடுவேன், அதனால் பேப்பரில் எழுதித் தருகிறேன், நீ போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது, ஆனால் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது மட்டும் என்னை இறங்கி நின்று கை காட்டச் சொல்கிறான். அப்பாவுக்குப் பட்டறையில் இப்போது குனிந்து செய்யும் வேலை தருவதில்லை, பழைய முதலாளியின் மகன் அவரை ஒரு மர ஸ்டூலில் உட்காரவைத்து மற்றவர்கள் தைத்ததைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறான். பையன் மரியாதையாகத்தான் செய்தான், ஆனால் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சாய்ந்து உட்காரச் சோபா கட்டியவருக்குக் கடைசியில் ஒரு ஸ்டூல்தானா என்று எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வாஷிங்மெஷின் ரிப்பேர் கடை வைக்க மாப்பிள்ளை சரியான ஆளா, நீ ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரி, மறைக்காமல் சொல்லம்மா என்று கேட்டிருந்தாய். எந்த மெஷினைக் கொடுத்தாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார், ஆனால் யாரிடமும் வாய் திறந்து பேச வராது, கூலி கேட்கக் கூச்சப்படுகிறார், அதனால் கடை வேண்டாம் என்று இந்த மாதக் கடைசிக்குள் இடம் வாடகைக்குத் தருகிற கட்டடக்காரரிடம் சொல்லிவிடலாம் என்று இருக்கிறோம் என்றும் எழுதியிருந்தாய். அதே மெசேஜில் போகிற போக்கில் இன்னும் சில எழுதியிருந்தாய், அவை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. கட்டடக்காரரிடம் பேசி வாடகையைக் குறைத்தது நீ. விடுதி நடத்துகிற அம்மாளிடம் போய் அவர்கள் மெஷின் எல்லாவற்றையும் உங்களிடமே விடுவதாகச் சம்மதம் வாங்கியது நீ. பழைய பாகங்கள் விற்கிற கடையைத் தேடிப் பிடித்ததும் நீ. தம்பி சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் சத்தமாக வாசித்தான், அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, மாப்பிள்ளையைப் பத்திக் கேக்குறாளே, இவ்வளவையும் பேசி முடிச்சது யாரு என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் நம் வீட்டிலும் இது ஒருமுறை நடந்தது, நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய்.

டயர் கடைக்குப் பின்னால் ஒரு ஷெட் வாடகைக்கு வந்தது. சொந்தமாகப் பட்டறை போடலாமா என்று அப்பாவுக்கு ஆசை, பயமும் அதே அளவு. முதலில் வீட்டில் செய்து பார்ப்போம் என்று முன்னறையையே பட்டறையாக்கினோம், நீ ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் படுத்துத் தூங்குவாய், தலைமுடியில் எப்போதும் பஞ்சு இருக்கும். அப்பா சோபாவின் மரச் சட்டத்தை இறுக்கி, பட்டை கட்டி, துணியை இழுத்து அடிப்பார், ஓரத்தை நான் உள்ளறையில் தையல் மெஷினில் தைப்பேன். வேலை எங்கிருந்து வந்தது தெரியுமா. பல்வலி என்று டாக்டரிடம் போனேன், அங்கே காத்திருக்கும் இடத்தில் நாற்காலி எல்லாம் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது, பேசிப் பேசி அத்தனை நாற்காலியையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பல்லு என்ன ஆச்சு என்று அப்பா கேட்ட பிறகுதான் பல்லைக் காட்டவே இல்லை என்பது ஞாபகம் வந்தது. இன்னொரு வீட்டில் சோபாவை வாங்கி வைத்துக்கொண்டு கூலியை அப்புறம் தருகிறோம், அப்புறம் தருகிறோம் என்று இழுத்தடித்தார்கள், அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். நான் போய் அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். வேறு உட்கார அவர்களுக்கு இடமில்லை, என்னைச் சுற்றி நின்று நின்று கால் வலித்துப்போய்க் கொடுத்து அனுப்பினார்கள். இதையெல்லாம் நாங்கள் வேடிக்கைக் கதையாகத்தான் பேசிச் சிரித்தோம், தொழில் என்று யாரும் நினைக்கவில்லை.

ஷெட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு விவரம் தெரிந்தவரிடம் கேட்போம் என்று என் ஒன்றுவிட்ட அண்ணனை அழைத்தோம். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்தவர், கொளுத்துகிற வெயிலிலும் கோட்டைக் கழற்றமாட்டார், கோட்டு மாமா என்று நீதான் பெயர் வைத்தாய். அவர் அப்பாவை முன்னறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். தெரியாத ஆள்கிட்டப் போய் வேலை கேப்பீங்களா மச்சான் என்றார், அது எனக்கு வராதே என்றார் அப்பா. பாக்கி வெச்சவங்ககிட்டக் கறாரா நிப்பீங்களா என்றார், அப்பா தலையைச் சொறிந்தார். துணிக்கடைக்காரன்கிட்டத் தவணை பேசுவீங்களா, வேலையாள் கெடுத்துட்டா முகத்துக்கு நேரே சொல்வீங்களா, வேலையே வராத மாசம் தூக்கம் வருமா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். அப்பா பொய் சொல்லத் தெரியாதவர், தெரியலை, வராது, யோசிக்கணும் என்றே சொன்னார். நான் உள்ளறையில் மெஷினை மிதித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் அதை நான் பாத்துக்குவேன், அதை நான் பேசிக்குவேன் என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ தையலைப் பாரு தங்கச்சி, மச்சான் சொல்லட்டும் என்றார் அண்ணன். கடைசியில் கை தங்கமான கை, ஆனா முதலாளி ஆகுற ஆள் நீங்க இல்லை என்று முடித்தார். அதில் பொய்யே இல்லை, அப்பா அப்படிப்பட்ட ஆள் இல்லைதான். நான் டீயோடு முன்னறைக்கு வந்தேன், சர்க்கரை போதுமா என்று கேட்டேன். அன்று அவர் எதிரில் நின்று நான் பேசியது அவ்வளவுதான்.

ஷெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அப்பா முதலாளியிடமே தொடர்ந்தார், நான் மெஷினுக்கு உறை தைத்துப் போட்டேன். யார் மேலும் எனக்குக் கோபமில்லை என்று எழுதத்தான் ஆசை, ஆனால் கோபம் இருக்கிறது, அண்ணன் மேல் கொஞ்சம், அப்பா மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் மேல்தான். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் என்னிடம் இருந்தது, அந்தப் பதில் யார் பேரிலும் சேரவில்லை, நானும் என் பேரில் சேர்த்துக்கொள்ளவில்லை. என்னையும் கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே. இப்போது அந்த ஷெட்டில் யாரோ திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார்கள், கல்லாவில் ஒரு பெண்தான் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் எதிர் ஓரமாக நடக்கிறேன். தம்பி உன் மெசேஜை வாசித்த அன்று சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு அப்பா, நம்ம வீட்லயும் தப்பான ஆளைத்தான் உக்கார வெச்சுக் கேட்டோம் என்றார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. அவர் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து மாவு சலிக்க ஆரம்பித்துவிட்டார், வீடெல்லாம் மாவு.

அதனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மாப்பிள்ளை சரியான ஆள் இல்லை. நல்லவர், கைவேலை தெரிந்தவர், ஆனால் கடையை நடத்தும் ஆள் அவர் இல்லை. நீ உன்னைக் கேட்டுப் பார். இப்போதே நீ செய்து முடித்திருப்பவை என்ன என்று பார், நமக்கு வருமா வராதா என்று யோசித்துத் தலையை உடைத்துக்கொள்ளாதே. தூக்கிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்காதே, உன்னிடம் குறை இல்லாமல் இல்லை. யாராவது முடியாது என்றால் உன் முகம் சுருங்கிவிடும், பாவம் என்று இரக்கப்பட்டால் சும்மாவே செய்து கொடுத்துவிடுவாய், கோபம் வந்தால் போனை வைத்துவிடுவாய். கடை நின்றுவிடலாம், நஷ்டமும் வரலாம், அதை உனக்கு முன்கூட்டிச் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை, அந்த அனுபவத்தைத்தான் நான் கோட்டை விட்டேன். எல்லாம் யோசித்து உனக்கே வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம், எனக்கு வருத்தமில்லை. உன்னைக் கேட்காமலேயே வேண்டாம் என்று முடிவாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், போன வாரம் போனில் உன் தொண்டை கட்டியிருந்தது. மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல், அவரைப் பற்றி நான் எழுதியதையும் மறைக்காமல் படித்துக் காட்டு, அவருக்கு நிம்மதியாகத்தான் இருக்கும். நீங்கள் இருவரும் எடுத்த காரியம் கைகூடி நீடூழி வாழ வேண்டும். கட்டடக்காரருக்குப் பதில் சொல்லும் முன் கோட்டு மாமாவின் கேள்விகளை உனக்கு நீயே கேட்டுக்கொள், மறக்காதே. முன்னறையில் உட்கார்ந்து பதில் சொல்லம்மா.

இப்படிக்கு,
உள்ளறையிலிருந்து உன் அம்மா