தம்பி கட்டாரில் இல்லை, அம்மா

என் தங்க அம்மாவுக்கு,

லுணுகலையில் விடாத மழை. உன் கல்லறை மண் இறங்கிவிட்டதோ என்று போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இறங்கவில்லை, நிம்மதியாக இரு. உனக்குச் சொல்ல ஒரு நல்ல சேதியும், நீ கோபித்துக்கொள்ளப் போகிற ஒரு சேதியும் இருக்கின்றன. கோபத்தை முதலில் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தோனி கட்டார் நாட்டில் இல்லை, பதுளைச் சிறையில் இருக்கிறான் என்று நம் தோட்டத்து லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். நீ கண்ணை மூடும்வரை கட்டிக்காத்த பொய்யை நானே உடைத்தேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நீ போன பிறகு தம்பி பரோலுக்கு விண்ணப்பித்தான். அந்தச் சண்டையில் அவன் கையால் ஒரு உயிர் போனது. செத்தவருக்கும் ஒரு தாய் இருந்தார், அதை அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆனாலும் இத்தனை வருடம் உள்ளே ஒழுங்காக இருந்தவனுக்கு, மிச்சத் தண்டனையை வீட்டில் கழிக்க விடுவார்கள் என்று நம்பினோம். அதற்கு முன்னால் ஊரில் வந்து விசாரிப்பார்களாம். ஒருநாள் சிறைச்சாலை உத்தியோகத்தர் ஒருவர் சாதாரணச் சட்டையில் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். நான் டவுனில் தையல் கடையில் இருந்தேன்.

நம் சனம் உனக்குத் தெரியாததா? வெளியாள் வந்து குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் அது பெண் விசாரிக்கத்தான். என் மகள் ரோசிக்கு வரன் வந்திருக்கிறது என்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பாக்கியக்கா அவரை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்திருக்கிறார். "அந்தோனியா? புள்ளையோட தாய்மாமன்ங்க. கட்டார்ல நல்ல வேலைங்க. வம்புதும்புக்கே போகமாட்டாருங்க." மற்ற வீட்டுக்காரர்களும் கூடி நின்று ஆமாம் போட்டிருக்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஊராருக்கு ஆள் யாரென்றே சரியாகத் தெரியவில்லை, பொறுப்பேற்க எவருமில்லை என்று பரோலை மறுத்துவிட்டார்கள். அன்று நான் அழுத அழுகை உனக்குக் கேட்டிருக்குமா?

பதுளையில் ஒரு சட்டத்தரணியைப் போய்ப் பார்த்தேன். யாழ்ப்பாணத்து அம்மா. கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "இதை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆனா அயல் ஆக்கள் உண்மையைச் சத்தியக் கடதாசியில எழுதித் தரவேணும். தருவினமோ?" என்றார்.

முதலில் பாக்கியக்கா வீட்டுக்குத்தான் போனேன். வாசலில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்தபடி, "அக்கா, தம்பி கட்டார்ல இல்ல" என்றேன்.

"தெரியும் புள்ள" என்றார்.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எப்போதிருந்து என்று கேட்டேன். "மொதல்ல இருந்தேதான். மகன் அனுப்புனதுன்னு உங்கம்மா டொபி பெட்டி குடுப்பாளே, அதுல பதுளைக் கட வெல ஒட்டியிருக்கும். அதப் பிச்சுப் போட்டுட்டுத்தான் புள்ளைகளுக்குக் குடுப்பேன். அவ சொன்னா, நாங்களும் சொன்னோம். அவ மனசு நோகக் கூடாதுல்ல."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பேச்சுத்தான். எல்லோருக்கும் தெரியும் அம்மா. நீ மாதா கோயிலுக்கு நேர்த்தி என்று சொல்லிவிட்டு எங்கே போகிறாய் என்று தெரிந்தேதான், எனக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்று என்று உன்னிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீ ஒருத்தியாகவே தாங்கினாய் என்று இவ்வளவு நாளும் நினைத்து நெஞ்சு வெந்தேன். இப்போது கொஞ்சம் ஆறியிருக்கிறது.

கேட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு கொழும்பில் நடந்தது. பெண் விசாரிக்க வந்தவர் என்று நினைத்த கதையைச் சட்டத்தரணி அம்மா சொன்னபோது நீதிபதி பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். பரோலை மறுத்தது செல்லாது, சிறைச்சாலையிலிருந்து வந்திருக்கிறோம் என்று ஊராரிடம் சொல்லி மறுபடி விசாரித்து முடிவெடுங்கள் என்று தீர்ப்பு வந்தது.

அதே உத்தியோகத்தர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாக வந்தார். பாக்கியக்கா மறுபடி தேத்தண்ணி கொடுத்தார். "அவன் செயில்ல இருக்கான் சார். தப்பு செஞ்சவன்தான். ஆனா எங்க புள்ள. அனுப்பி வைங்க, நாங்க பாத்துக்குறோம்." நான் ரோசியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இப்போது நல்ல சேதி. பரோல் கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை தம்பியை விடுகிறார்கள்.

போன வாரம் போய்ச் சொன்னபோது அவன் சந்தோஷப்படவில்லை. "எல்லாருக்கும் தெரியும்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக்கா வருவேன்?" என்றான். "இருக்குற மூஞ்சிய வச்சிக்கிட்டு வா" என்று திட்டினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

உன் அடக்கத்துக்கு அவனைக் கைவிலங்கோடு கொண்டுவர வேண்டாம் என்று நீதான் சொல்லிவிட்டுப் போனாய். அதனால் அவன் இன்னும் உனக்காக ஒரு பிடி மண் போடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகும் முன்னே அவனை உன்னிடம் கூட்டிவருவேன். லயமே கூட வருகிறதாம், வேண்டாமென்றால் கேட்கிற ஆட்களா? வரட்டும். ஆனால் அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்ததும் எல்லோரையும் கல்லறைத் தோட்ட வாசலுக்கு வெளியே கூட்டிப்போய்விடுவேன். அவன் அழுது முடிக்கும்வரை யாரும் அவனைக் கூப்பிடமாட்டோம். இது சத்தியம் அம்மா.

உன் மூத்தவள்,
அந்தோனியின் அக்கா,
ஸ்டெல்லா