ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்க வேணும்

2025 ஜூன் 15, ஞாயிறு
காய்ச்சல் விட்டுவிட்டது. வேறொன்று பிடித்துவிட்டது.

இறக்கக்கண்டியில் கடல்நீர்க் களப்பின் ஓரப் பாதைக்குப் போனேன். கண்டல் வேர்களுக்குள் ஒளித்திருக்கும் பெட்டி, நானும் சிவாஜினியும் சேர்ந்து தேட இருந்தது. கண்டுபிடித்துக் கொப்பியைத் திறந்தால், நேற்றைய திகதியில் ‘சிவா – சனூ’. இதற்கு முதல் பத்துப் பெட்டியிலும் ‘சிவா – லது’ என்று எழுதின அதே நீலப் பேனை. பக்கத்தில் பூ வேறு.

சனூஸா மூதூரிலிருந்து எங்கள் வகுப்புக்கு வந்து மூன்று கிழமை. நான் படுத்தது ஒரு கிழமை. அதற்குள்ளேயா?

இது என்ன விளையாட்டடி என்று அம்மா கேட்டா. போன் இடம் காட்டும், யாரோ ஒளித்த பெட்டியைத் தேடவேணும், கொப்பியில் பெயர் எழுதவேணும், உள்ளேயிருந்து ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேணும் என்றேன்.

சனூஸா என் சிநேகிதியை எடுத்திருக்கிறாள். பதிலுக்கு என்னத்தை வைத்தாள்?

ஜூன் 17
பஸ்ஸில் சிவாஜினிக்குப் பக்கத்தில் அவள். எனக்கு முன் சீற், சாரதியின் முதுகு. “லது, இஞ்ச வாவன், இடமிருக்கு” என்றாள் சிவாஜினி. இரண்டு பேர் சீற்றில் என்ன இடம்? இங்கேதான் காற்று வருகிறது என்றேன்.

யன்னல் மூடியிருந்தது.

ஜூன் 21, சனி
சனியும் வந்தது, சனூஸாவும் வந்தாள். இருவரும் களப்போரம் நடந்தார்கள். நான் பின்னால். வேவு இல்லை – பாதை எல்லாருக்கும் பொது. சிவாஜினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை அப்படிச் சிரிக்க வைக்கிற வேலை என்னுடையதல்லவா?

உப்புச்சேறு என் ஒரு செருப்பை விழுங்கியது. மற்றதோடு வீடு வந்தேன்.

ஜூன் 27
ஐஸ்கிறீம் டப்பா, ஒரு கொப்பி, குசினியில் எடுத்த கருவாட்டுத் தலை. கொப்பியில் எழுதினேன்: ‘வாழ்த்துகள். தலை ஒன்று கண்டெடுத்திருக்கிறீர்கள். உங்கள் இருவரில் யாருக்கு இல்லையோ அவர் வைத்துக்கொள்ளலாம்.’ நாளை அவர்கள் தேடப்போவதாகப் பஸ்ஸில் காதில் விழுந்த பெட்டிக்குப் பத்தடி தள்ளி வைத்தாயிற்று.

ஜூன் 29
தலையைக் காணவில்லை. டப்பாவுக்குள் ஒரு கருவாட்டு வால். பக்கத்தில், சேறு காய்ந்த என் செருப்பு.

‘தலை எடுத்தேன். விதிப்படி வால் வைக்கிறேன், எங்களுக்குப் பின்னால் வரும் ஒற்றைச் செருப்புக்காரிக்கு. சிவாஜினிக்குக் காட்டல்ல, அவ அழுவா. – சனூஸா.’

சீ. என்னைவிட நல்லா எழுதியிருக்கிறாள். அதுதான் விசர் வருது. அதைவிட விசர், நான் சிரித்துப்போட்டன். கொக்குகள்தான் சாட்சி.

ஜூலை 12
டப்பாக் கொப்பியில் ஒன்பது பக்கம் ஆகிவிட்டது. ஒரு பக்கம் நான், மறுபக்கம் சனூஸா. இன்று இருவரும் ஒரே நேரத்தில் போய் மாட்டுப்பட்டோம். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் சைக்கிள் மணி.

சிவாஜினி கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். சிரிக்கவில்லை.

“எவ்வளவு நாளா?” என்றாள். பதிலுக்கு நிற்கவில்லை.

ஜூலை 14
சாரதியின் முதுகுக்குப் பின்னால் இன்று சிவாஜினி. கூப்பிட்டேன். அங்கேதான் காற்று வருகிறதாம்.

யன்னலைப் பார்த்தேன்.

ஜூலை 19
டப்பாவுக்குள் கருவாட்டின் நடுத்துண்டு. நான் வைக்கவில்லை. சனூஸா தானும் இல்லை என்று சத்தியம் பண்ணினாள். கொப்பியில் நீலப் பேனை, பூ இல்லை: ‘தலை நீ. வால் அவ. இதை மறந்திட்டியள்.’

இருவரும் உப்புவெளியில் சிவாஜினி வீடு வரை சைக்கிள் மிதித்தோம். அவள் வாசல் படலையைத் திறக்கவில்லை. உள்ளே நின்று பார்த்தாள். எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை.

“பஸ்ஸில கடைசிச் சீற் நீளம்” என்றேன்.

சிவாஜினி படலைக் கொழுக்கியில் கை வைத்தாள்.

“யன்னல் திறக்குமோ?”