பேட்ஜில் ஒட்டிய குங்குமம்

போனவளுக்குக் கடிதமா என்று நீ சிரிப்பாய். மன்னித்துக்கொள். நேரிலேயே பேசத் தயங்குகிறவள் நான், எழுதத்தான் வருகிறது.

பெட்டி அடுக்கும்போது உன் பழைய பேட்ஜ் உறை கையில் தட்டுப்பட்டது. எக்ஸ்ரே அறையில் உன்மேல் படும் கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்திக்கொள்வாயே, அது. இடுக்கில் இன்னும் குங்குமம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அதோடேயே கிள்ளான் வீட்டுக்குப் போய்விட்டாய். உன் அம்மா அதை முருகன் படத்தடியில் வைத்துப் பொட்டிட்டுவிட்டார். ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கி, புது உறை மாட்டிக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் நம் வாடகை அறைக்கு வந்து பழையதை என்னிடம் நீட்டினாய்.

"மாசக் கடைசியில முருகனுக்கு எவ்வளவு டோஸுன்னு ரிப்போர்ட் வரும் லா!"

அங்கேதான் ஒருநாள் என் இயற்பியல் பாடப்புத்தகத்தைப் பிடுங்கினாய். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய கதிர்வீச்சுத் துகள்கள் இரண்டு வளையங்களாகச் சூழ்ந்திருக்கின்றன, பெரிய உளுந்து வடைக்குள் சின்ன வடை மாதிரி என்றேன்.

"அப்ப அதத் தாண்டி நிலாவுக்குப் போனவனுக்கு எங்களுக்கு மாதிரி ஈயக் கோட் யாரு குடுத்தா?"

"அவ்வளவு கனத்தத் தூக்கிட்டுப் போக முடியாது. மெலிசான பக்கமாப் பாத்து, வேகமாக் கடந்துட்டாங்க."

"அலா, எங்க எக்ஸ்ரே ரூம் சட்டம்தானே அது! கிட்டப் போகாத, சும்மா நிக்காத."

மனிதன் கடந்துவிடுவான். அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றும் செயற்கைக்கோள் எங்கே ஓடும்? ஒரு துகள் பட்டால் அதன் கணினி பிசகிவிடும். அதைக் காப்பது எப்படி என்று படிக்க எனக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்திருக்கிறது.

நேற்று லோரியை நிறுத்திவிட்டு வந்த அப்பா, "கதிர்வீச்சுப் படிப்பு வேணாம்மா. அந்த எக்ஸ்ரே புள்ள கதி தெரியும்ல?" என்றார்.

எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான், ஆனாலும் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. எழுந்து நின்றேன்.

"அவளக் கொன்னது டிங்கிக் காய்ச்சல் கொசுப்பா. ஒரு மாசம்கூட அவ பேட்ஜ் அளவு தாண்டல. நான் போறேன்."

"சத்தம் போடாத," என்றார். நான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. ஆனாலும் உட்காரவில்லை.

ஆனால் உன் சாவு வீட்டில் வாய் திறக்கவில்லையே! காய்ச்சலில் உன் மூக்கில் வந்த ரத்தத்தைச் சொல்லிச் சொல்லி, "மெஷின் தின்னுருச்சு" என்றார்கள் உறவினர்கள். "நான்தானே அந்த வேலைக்கு அனுப்புனேன்" என்று உன் அம்மா என் முகத்தையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை விமானம். நாளை கிள்ளானுக்குப் போய், அன்று சொல்லாததை உன் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். குங்குமத்தைத் துடைக்காமல் அந்த உறையையும் எடுத்துப் போகிறேன்.

உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். வாசலில் நான் தயங்கினால், முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சும்மா நிக்காத" என்று அதட்டு.